மனையைப் பிரித்துத் தரும் ‘முழுச் சேவை’: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஒரு மனையை வாங்கி, இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்து, தனித்தனிப் பத்திரமாக்கி விற்பது பழைய தொழில்தான். இப்போது புதிதாக விற்கப்படுவது, அந்த வேலை முழுவதையும் ஒரே கையில் முடித்துத் தருவதாகச் சொல்லும் சேவை. மனையைக் காட்டினால் போதும், பிரிக்க முடியுமா என்று பார்ப்பது, அளப்பது, வரைவது, அனுமதி வாங்குவது, குழாய் போடுவது, கல் நடுவது, பதிவு செய்வது எல்லாம் எங்கள் பொறுப்பு என்கிறார்கள். சர்வேயர் அலுவலகங்கள், நகரமைப்பு ஆலோசகர்கள், முதலீட்டு வகுப்பு நடத்துபவர்கள் என மூன்று தரப்பினரும் இதை விற்கிறார்கள். இங்கே எடைபோடுவது எந்த ஒரு நிறுவனத்தையும் அல்ல. அந்தத் தொகுப்புக்குள் இருக்கும் வேலைகளை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தொகுப்பிலேயே மலிவான வேலைதான் மதிப்பில் பெரியது: மனையை வாங்குவதற்கு முன்பு செய்யும் சாத்திய ஆய்வு. அதைத்தான் பலர் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. மீதி வேலை கிடைத்தால்தான் தனக்கு வரும்படி என்று இருப்பவர், “இது தேறாது, விட்டுவிடுங்கள்” என்று எப்படிச் சொல்வார்?

சாத்திய ஆய்வு

நல்ல அறிக்கை நாலைந்து பக்கம் இருந்தால் போதும். விதிப் புத்தகத்தைப் பிரதியெடுத்து நாற்பது பக்கம் ஆக்கியிருந்தால், இந்த மனையைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் அதிகம் இல்லை என்று பொருள்.

20 மீட்டர் முகப்பு, 50 மீட்டர் ஆழம், 1,000 சதுர மீட்டர் கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். நெடுக்காகப் பிரித்தால் 10-க்கு 50 அளவில் இரண்டு மனை. இரண்டுக்கும் சாலை முகப்பு உண்டு. நிலம் துளியும் வீணாகாது. ஆனால் குறைந்தபட்ச முகப்பு 10 மீட்டர் என்று விதி இருந்தால் கையில் ஒரு சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை. பத்திரத்தில் 20.00 என்று எழுதியிருக்கும்; தரையில் அளந்தால் 19.78 நிற்கும். பழைய குடியிருப்புகளில் இது அபூர்வமே அல்ல. அந்த 22 சென்டிமீட்டரில் இரண்டு மனை மறுபடி ஒரே மனையாகிவிடும். அளக்காமல் பத்திரத்தை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கையில் இது வராது.

குறுக்காகப் பிரித்தால் பின்மனைக்கு வழி விட வேண்டும். 4 மீட்டர் அகலத்தில் 25 மீட்டர் நீளம் என்றால் 100 சதுர மீட்டர் வழிக்குப் போயிற்று. காகிதத்தில் முன்மனை 400, பின்மனை 600 என்று வரும். அந்த 600-இல் குடியிருக்க உதவுவது 500தான். குறைந்தபட்சப் பரப்பைக் கணக்கிடும்போது வழியைச் சேர்க்கக் கூடாது என்று பல இடங்களில் விதியே இருக்கிறது. விதி இல்லாத இடத்திலும், வாங்க வருபவர் அந்த 100-க்கு மனை விலை கொடுக்க மாட்டார். கம்பத்தில் கட்டிய கொடி போன்ற வடிவம் என்பதால் அமெரிக்காவில் இதற்குக் கொடி மனை என்று பெயர். ஆஸ்திரேலியாவில் போர்க்கோடாரி மனை. பெயர் எதுவானாலும், சதுர மீட்டர் விலையில் அது முன்மனைக்குக் கீழேதான் நிற்கும். இரண்டு மனைக்கும் ஒரே விலை போட்டிருக்கும் அறிக்கையை அந்த இடத்திலேயே மூடிவிடலாம்.

மூலை மனையில் இந்தத் தொல்லை இல்லை. பக்கவாட்டிலும் சாலை இருப்பதால் ஆழத்தின் நடுவே வெட்டினால் போதும். அந்த வசதி விற்பவருக்கும் தெரியும் என்பதால், லாபத்தில் ஒரு பங்கு கேட்கும் விலையிலேயே ஏறியிருக்கும்.

விதியைப் படிப்பதிலும் ஒரு தேர்ச்சி வேண்டும். கலிபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எஸ்.பி. 9 (செனட் மசோதா 9) சட்டம், தனி வீட்டு மனைகளை இரண்டாகப் பிரிக்க வழி திறந்தது. ஒவ்வொரு துண்டும் 1,200 சதுர அடிக்குக் குறையக் கூடாது, மூல மனையில் 40 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. இந்த இரண்டு எண்ணையும் எல்லா விளம்பரமும் சொல்லும். அதே சட்டத்தில், அந்த இடத்தில் எழும்பும் வீடுகளில் ஒன்றில் மூன்று ஆண்டு தானே குடியிருக்கும் எண்ணம் உண்டு என்று விண்ணப்பிப்பவர் உறுதிமொழி தர வேண்டும் என்றும் இருக்கிறது. பிரித்து உடனே விற்கும் முதலீட்டாளரை வடிகட்டவே வைத்த நிபந்தனை அது. பரப்பை மட்டும் பார்த்துப் “பிரிக்கலாம்” என்று சொல்லும் அறிக்கையின் மதிப்பு பூஜ்யம்.

அடுத்தது மட்டம். அறிக்கைகள் அதிகம் கோட்டை விடுவது இதில்தான். கழிவுநீர் தானாக ஓட வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 60-க்கு 1 (60 மீட்டர் ஓட்டத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) என்று வாட்டம் வைத்தால், பின்மனையிலிருந்து சாலை வரை 45 மீட்டர் ஓட்டத்தில் குழாய் 0.75 மீட்டர் இறங்கும். தொடக்க ஆழம் 0.6 மீட்டர் என்றால், தரை சமமாக இருக்கும் மனையிலேயே சாலைக் குழாய் 1.35 மீட்டர் ஆழத்தில் இருந்தாக வேண்டும். மனை பின்பக்கமாக ஒரு மீட்டர் சரிந்தால் தேவை 2.35 மீட்டர். சாலையில் குழாய் அவ்வளவு ஆழத்தில் இல்லை என்றால் மூன்று வழிகள்தான்: பின்மனையில் மண் கொட்டி உயர்த்துவது, பம்பு வைப்பது, பின்பக்கத்து நிலத்தின் வழியே குழாய் கொண்டுபோக உரிமை வாங்குவது. மண் கொட்டினால் தாங்குசுவரும் மழைநீர்ப் பிரச்சினையும் கூடவே வரும். பம்பு வைத்தால் பின்மனையின் விலை இறங்கும். பக்கத்து நில உரிமை என்பது ஒரு மனிதரின் தயவு. அதற்கு விலைப்பட்டியல் கிடையாது. மழைநீருக்கும் இதே கணக்குதான். சாலைப் பக்கம் மேடாக இருக்கும் மனையைப் பார்க்கப் போனால், வேறு எதையும் கேட்கும் முன் சாலைக் குழாயின் அடிமட்டம் எவ்வளவு என்று கேட்பவரே நல்ல ஆலோசகர்.

மரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா தரக்குறிப்புகளில், பாதுகாக்க வேண்டிய மரத்தைச் சுற்றி விட வேண்டிய வட்டத்தின் ஆரம், மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தைப் போல் 12 மடங்கு. 50 சென்டிமீட்டர் அடிமரம் என்றால் 6 மீட்டர் ஆரம். 10 மீட்டர் அகல மனையில் அந்த வட்டம் விழுந்தால் வீடு கட்ட என்ன மிஞ்சும்? மரம் பக்கத்து மனையில் நின்றாலும் வட்டம் வேலியைத் தாண்டி வரும்.

பத்திரப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம், வக்கீல் வேலை அது. ஆனால் அறிக்கையில் இரண்டு வரியாவது இருக்க வேண்டும். “இந்த நிலத்தில் ஒரு குடியிருப்பு மட்டுமே” என்று பழைய மனைப்பிரிவு ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு உண்டா? யாருக்காவது வழிப் பாத்தியமோ குழாய்ப் பாத்தியமோ நிலத்தின் நடுவே ஓடுகிறதா? உள்ளாட்சி அனுமதி கிடைத்தாலும் பழைய கட்டுப்பாடு தானாக விலகாது. அதை நீக்குவது தனி வழக்கு, தனிக் காலம்.

கணக்கு

சேவை நிறுவனங்கள் காட்டும் கணக்கில் காலம் என்ற வரியே இருப்பதில்லை. விளக்கத்துக்காக மனை விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் வரி, பதிவுச் செலவு 6. அளவை, வரைபடம், விண்ணப்பம் 4. உள்ளாட்சிக்குக் கட்டும் மேம்பாட்டுக் கட்டணம் 6. குழாய், மின்சாரம், வழிப்பாதை 14. வாங்கிய தொகை 106-க்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில் 18 மாதத்துக்கு 14.3. ஆக மொத்தம் 144.3. ஒவ்வொரு மனையும் 78-க்குப் போனால் வரவு 156. தரகும் விற்பனைச் செலவும் 3 சதவீதம் போக 151.3. மிச்சம் 7, வரிக்கு முன்பு.

“100-க்கு வாங்கி 156-க்கு விற்றீர்கள்” என்று விளம்பரத்தில் வரும் அதே மனைதான் இது. இப்போது அனுமதி எட்டு மாதம் இழுத்தது என்று வையுங்கள். கூடுதல் வட்டி 6.4. மிச்சம் 0.6. குழாய் வேலையில் பாறை வந்தால் அதுவும் இல்லை. இந்தக் கணக்கில் குழாய்ச் செலவுக்கான வட்டியைச் சேர்க்கவே இல்லை.

வரியும் சிறிய விஷயமல்ல. வாங்கும்போதே பிரித்து விற்கும் நோக்கம் இருந்தால், பல நாடுகளில் வருமானவரித் துறை அதை மூலதன ஆதாயமாகப் பார்க்காது. தொழில் வருமானமாகப் பார்க்கும். சில இடங்களில் விற்பனை வரியும் சேரும். இந்த ஒரு கேள்விக்காக வரி ஆலோசகரிடம் ஒரு மணி நேரம் உட்காருவது, மொத்தத் தொகுப்பில் இல்லாத, ஆனால் இருக்க வேண்டிய செலவு.

அளவையும் கல் நடுதலும்

இந்த வேலைக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். உரிமம் பெற்ற சர்வேயர் செய்யும் எல்லை அளவைக்கு மாற்று கிடையாது. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தரைமட்ட அளவை வேறு, எல்லை அளவை வேறு. முதலாவது மேடு பள்ளம், மரம், குழாய் மூடிகள், கட்டடம் எல்லாவற்றையும் காட்டும், 0.25 மீட்டர் உயர இடைவெளியில் சமமட்டக் கோடுகளும், சாலையோர மட்டமும், பக்கத்து மனை ஓரத்தின் மட்டமும் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது, பழைய ஆவணங்களையும் கற்களையும் தேடி எல்லையை நிறுவுவது. ‘சர்வே செய்தாயிற்று’ என்று முதலாவதை மட்டும் கொடுத்து, அதில் வேலியையே எல்லையாக வரைந்துவிடுவது வழக்கமான குறை. வேலி மட்டுமே எல்லைக்குச் சாட்சி ஆகாது.

கருவியையும் கேட்டுக்கொள்ளலாம். செயற்கைக்கோள் கருவி, பிழையை உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் ஆர்.டி.கே. முறையில், திறந்த வெளியில் 1 முதல் 2 சென்டிமீட்டர் துல்லியம் தரும். மரமும் மாடிச் சுவரும் சூழ்ந்த குடியிருப்பில் அந்தத் துல்லியம் நிற்காது. கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் கருவி டோட்டல் ஸ்டேஷன்; 2 விநாடிக் கோணத் துல்லியம் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு விநாடி) உள்ள ஒன்றில் 100 மீட்டர் தூரத்துக்குக் கோணத்தால் வரும் பிழை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். நெருக்கமான இடத்தில் கல் நட டோட்டல் ஸ்டேஷன்தான் சரி. டிரோன் படம் விளம்பரத்துக்கு அழகாக இருக்கும். மண்ணுக்குள் கிடக்கும் எல்லைக்கல்லை அது காட்டாது.

ஒரு நடைமுறை விஷயம்: கல்லைக் கட்டுமான வேலைக்கு முன்பே நட்டால், குழாய்க்குத் தோண்டும் இயந்திரம் பாதியைப் பிடுங்கிவிடும். தற்காலிக முளைகளை வைத்து வேலையை முடித்துவிட்டு, இறுதிக் கல்லைக் கடைசியில் நட வேண்டும். ‘கல் நடுதல்’ ஒருமுறையா இருமுறையா என்று விலைப்புள்ளியில் எழுதி வாங்காவிட்டால் இரண்டாம் முறைக்குத் தனி ரசீது வரும்.

அனுமதி

பல இடங்களில் அனுமதி என்பது ஒரே தாள் அல்ல. நியூசிலாந்து முறை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1991-ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டத்தில் முதலில் பிரிப்புக்கான இசைவு; பிறகு அளவை வரைபடம் அதற்கு ஒத்திருக்கிறது என்று 223-ஆம் பிரிவின்படி ஒப்புதல்; நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன என்று 224(சி) பிரிவின்படி சான்று. அதன் பிறகே தனித்தனி உரிமை ஆவணம். இசைவுக்கு வேறு காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டில் அது காலாவதியாகும் என்று அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. ‘அனுமதி வாங்கித் தருகிறோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் இந்தப் படிகளில் எது வரைக்கும் என்று கேட்க வேண்டும். பலரும் முதல் தாளோடு கைகழுவிவிடுவார்கள். செலவெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

அந்த முதல் தாளில் வரும் நிபந்தனைகள்தான் உண்மையான விலைப்பட்டியல். சாலையோரம் நடைபாதை போடு, பழைய வாகன நுழைவை மூடி மண்கரை கட்டு, மழைநீரைத் தேக்கி மெதுவாக விடும் தொட்டி வை, மின்கம்பியைப் புதைத்துக் கொண்டுபோ என்று வரும். திறமையான ஆலோசகர் விண்ணப்பிக்கும் முன்பே அதிகாரிகளோடு உட்கார்ந்து இவற்றில் எது வரும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். வந்த பிறகு, தேவையற்ற நிபந்தனையை எதிர்த்து எழுதவும் செய்வார். இந்தத் திறமைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. படிவம் நிரப்பி அனுப்புவதற்கு மட்டும் அதே தொகையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இருக்கும் வீட்டை வைத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் பிரிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது, புதிய எல்லை பழைய வீட்டுக்கு என்ன செய்கிறது என்பது. வீட்டின் பின்சுவர் திடீரென்று எல்லையோரச் சுவராகிவிடும். ஜன்னல் இருக்கும் சுவருக்குத் தீப்பாதுகாப்பு இடைவெளி போதாமல் போகலாம். வாகனம் நிறுத்திய இடம் வழிப்பாதையாகிவிடும். கழிவுத்தொட்டி புதிய மனைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இதில் எதுவும் தலைமேல் இருந்து பார்க்கும் வரைபடத்தில் எளிதில் கண்ணுக்குப் படாது.

குழாய், மின்சாரம், வழிப்பாதை

‘திட்ட மேலாண்மை’ என்று பெரிய தொகை கேட்பது இந்தக் கட்டத்துக்கு. இரண்டு மனைக்கு இது பெரும்பாலும் வேண்டாத செலவு. வேலை வரிசை எளிது: முதலில் கழிவுநீர், அடுத்து மழைநீர், பிறகு தண்ணீர், மின்சாரம், தொலைத்தொடர்பு, எல்லாம் முடிந்து மண் இறுகிய பிறகு வழிப்பாதைக் காங்கிரீட். ஆழமானதில் தொடங்கி மேலே வருவதுதான் சூத்திரம். காங்கிரீட் போட்டபின் மின்சாரக் குழாய்க்காக அதை வெட்டுவது இந்தத் தொழிலின் நித்திய காட்சி. மண் மூடும் முன் ஆய்வாளர் பார்க்க வேண்டியவற்றை அவர் வரும்வரை திறந்தே வைக்க வேண்டும். மூடிவிட்டால் மறுபடி தோண்டச் சொல்வார். திறந்திருக்கும்போதே அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, மூலையிலிருந்து தூரத்தைக் குறித்துக்கொண்டால், நிறைவு வரைபடம் போடும் நாளில் அலைய வேண்டாம்.

நாலு மனைக்கு மேல், புதிய சாலையோடு என்றால் கதை வேறு. சாலைத் தளம், தெருவிளக்கு, பராமரிப்புக் காலப் பிணையம் எல்லாம் சேரும்போது மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் முடியாது.

பதிவும் கடனும்

1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த உரிமைப் பதிவு முறையைப் பின்பற்றும் இடங்களில், பிரிப்பு வரைபடம் பதிவேட்டில் ஏறும் நொடி வரை புதிய மனை என்ற ஒன்று இல்லை. முன்கூட்டி விற்றாலும் ‘பதிவு ஆனதும்’ என்ற நிபந்தனையோடுதான் விற்க முடியும். அதற்கு ஒரு கடைசித் தேதியும் இருக்கும். அந்தத் தேதியை எழுதும்போது அனுமதிக்கு ஆகும் காலத்தைக் குறைத்துப் போட்டால் வாங்கியவர் விலகிப் போகலாம்.

கடனில் வாங்கிய மனை என்றால் வங்கியின் சம்மதம் இல்லாமல் வரைபடம் பதிவாகாது. இதைத் தொகுப்பு விற்பவர்கள் கடைசி மாதத்தில்தான் நினைவுபடுத்துவார்கள். வங்கி புதிதாக மதிப்பீடு கேட்கும், அதற்கு வாரங்கள் ஆகும். இன்னொன்றும் உண்டு: முதல் மனை விற்ற பணம் முழுவதையும் கடனுக்கு எடுத்துக்கொண்டுதான் அந்த மனையை அடமானத்திலிருந்து விடுவிப்பேன் என்று வங்கி சொல்லலாம். முதல் மனைப் பணத்தில் மீதி வேலையை முடிக்கலாம் என்று திட்டமிட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார். விடுவிப்புத் தொகை எவ்வளவு என்று கடன் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

கட்டண முறை

மூன்று விதமாகக் கேட்கிறார்கள். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்பது மோசமானது. செலவு ஏற ஏற அவர்கள் கூலியும் ஏறும். மனைக்கு இவ்வளவு என்பது, மூன்றே தேறும் இடத்தில் நான்கு மனைக்கு விண்ணப்பிக்கத் தூண்டும். மறுப்பு வந்தால் காலம் போவது உங்களுக்கு. வேலைவாரியாக நிலையான தொகை என்பதுதான் சரி. அதிலும், சாத்திய ஆய்வைச் செய்பவர் பிற வேலைகளைச் செய்யக் கூடாது என்று முதலிலேயே பிரித்துவிட்டால், தேறாது என்று சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது.

வகுப்பு நடத்துபவர்கள் விற்கும் தொகுப்பைப் பற்றித் தனியாக ஒரு சொல். அவர்கள் மனையையும் தாங்களே காட்டி, சர்வேயரையும் தாங்களே அனுப்பினால், விற்பவரிடமிருந்து தரகு வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் அதுவே பதில்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய வரிகள் சில. உள்ளாட்சி கூடுதல் விவரம் கேட்டால் அதற்குப் பதில் தயாரிப்பது தொகைக்குள் அடக்கமா? வரைபடத்தின் கணினிக் கோப்பு உங்களுக்குச் சொந்தமா, அல்லது காகிதம் மட்டுமா? கோப்பு கையில் இல்லாமல் நடுவழியில் ஆளை மாற்றினால், அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து அளப்பார். சர்வேயருக்குத் தொழில்பொறுப்புக் காப்பீடு உண்டா, பதிவாகும் தேதி வரை அது செல்லுமா? வேலை நிறுத்தப்பட்டால் அதுவரை முடிந்த கட்டத்துக்கு மட்டும் பணம் என்று இருக்கிறதா? மனையை வாங்கும் ஒப்பந்தத்திலும் ஒரு வரி வேண்டும்: எல்லை அளவையில் முகப்பு இத்தனை மீட்டருக்குக் குறைந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று. விற்பவர் அந்த வரியை அடிக்கச் சொன்னால், முன்பணம் கொடுப்பதற்குள் சர்வேயரை மனைக்கு அனுப்பிவிடுங்கள்.